பாதி முத்தம்

லெமெரி, படாங்காஸ், பிலிப்பைன்ஸ்
ஜனவரி 10, 1988

அன்புள்ள டென்சியோ,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும், உன்னைச் சுமக்கிற கப்பலும், நீ சமைத்ததைச் சாப்பிடுகிற பாவப்பட்ட ஜீவன்களும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீ கப்பல் ஏறியதிலிருந்து வீட்டில் நவம்பரைத் தவிர வேறு பேச்சில்லை. பாதிரியார் பத்தொன்பதாம் தேதியைக் குறித்துக்கொண்டார். கல்யாணக் கவுனுக்குத் துணி எடுத்தாயிற்று. முப்பத்துநான்கு வயதுப் பெண்ணுக்கு இவ்வளவு லேஸ் எதற்கு என்று தையல்காரி கேட்டாள். "இத்தனை வருஷம் காத்திருந்ததுக்கு வட்டியும் சேத்துத் தையி" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

என் இரண்டாம் வகுப்புப் பிசாசுகளுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. "டீச்சர், உங்க மாப்பிள்ளைதான் கப்பல ஓட்டுறாரா?" என்று கேட்டார்கள். "இல்ல, கப்பல்ல சோறு வடிக்கிறாரு" என்றேன். உன் மதிப்பு அங்கேயே கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஒன்று மட்டும் மறக்காதே. அடுப்பில் வெந்த கையோடு நேரே குளிர் அறைக்குள் நுழையாதே. சூடேறிய நரம்பில் குளிர் பட்டால் பாஸ்மா பிடித்துக்கொள்ளும். பிறகு கை நடுங்கிக் கரண்டி பிடிக்க முடியாமல் போகும். உன் அம்மா இருந்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். இல்லாததால் நான் சொல்கிறேன்.

வழக்கம்போல என் பெயருக்குக் கீழே லிப்ஸ்டிக் முத்தம் ஒன்று. தபால்காரர் கண்ணில் படாதபடி மடித்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் லுடி


யோகோஹாமா
பிப்ரவரி 5, 1988

அன்பு லுடி,

நலம். உன் நலமும், என் வருங்கால மாமியாரின் நலமும் அறிய ஆவல்.

முத்தம் வந்து சேர்ந்தது. என் அலமாரிக் கதவின் உட்பக்கம், போன வருஷத்து முத்தங்களுக்கு அடுத்ததாக ஒட்டிவிட்டேன். என்னோடு அறையில் இருக்கும் செபூத் தீவுக்காரன் ஆர்த்தெமியோ தினமும் அதைப் பார்த்துக் கேலி செய்கிறான். "உதடா வந்து குமியுதே, ஆளு எங்கப்பா? நெசமாவே பொண்ணு இருக்கா, இல்ல நீயே பூசிக்கிட்டு ஒத்துறியா?" என்கிறான். அவன் வாயை அடைக்க ஒரு புதுப் போட்டோ அனுப்பு. பல் தெரியச் சிரித்த மாதிரி இருக்க வேண்டும்.

பாஸ்மா விஷயத்தில் நீ சொன்னபடிதான் நடக்கிறேன். குளிர் அறைக்குப் போகுமுன் அரை மணி நேரம் உட்கார்ந்து கையை ஆறவிடுகிறேன். எங்கள் கேப்டன் கிரேக்கர். சோம்பேறித்தனமா என்று கேட்டார். "இல்ல சார், எங்க ஊர்ல நரம்புக்குக் கொஞ்சம் மரியாதை குடுப்போம்" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

போட்டோவை மறக்காதே.
உன் டென்சியோ


லெமெரி
பிப்ரவரி 21, 1988

அன்புள்ள ஆத்தே லேனா,

அத்தானும் பிள்ளைகளும் மணிலாவில் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீ என் கூடப் பிறந்த அக்கா என்பதால்தான் இதை எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியவில்லை.

என் முகத்தின் இடது பாதி வேலை செய்யவில்லை ஆத்தே. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு காலையில் வாய் கொப்பளித்தேன், தண்ணீர் வாயோரமாக வழிந்தது. கண்ணாடியைப் பார்த்தால் வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது. இடது கண் மூடவே இல்லை. தூங்கும்போதும் பாதி திறந்தே கிடக்கிறதாம். சோறு கன்னத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறது.

அம்மாவுக்கு இதில் சந்தேகமே கிடையாது. முந்தின நாள் நான் பள்ளி விழாவுக்காக ஒரு மூட்டைத் துணி இஸ்திரி போட்டேன். "அந்தச் சூட்டோட பச்சத் தண்ணியில முகம் கழுவினியா இல்லியா? இஸ்திரி போட்ட அன்னிக்குத் தண்ணியத் தொடாதேன்னு எத்தன தடவ சொல்லியிருப்பேன்" என்கிறாள். கழுவினேன்தான். வேர்த்துக் கொட்டியது. மாங் இஸ்தியோ தினமும் வந்து தேங்காய் எண்ணெய் தடவி உருவுகிறார். நரம்பு முடிச்சுப் போட்டுக்கொண்டதாம், மெதுவாகத்தான் அவிழுமாம். குளிர்ந்த தண்ணீர் என் பக்கமே வருவதில்லை. வகுப்பில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்துகிறேன்.

டென்சியோவிடம் இருந்து கடிதம் வந்திருக்கிறது. பல் தெரியச் சிரிக்கிற போட்டோ கேட்கிறான். அவனுக்கு இது தெரியவே கூடாது. நவம்பரில் இந்த முகத்தோடு கோயிலில் எப்படி நிற்பேன்? அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

பிள்ளைகளுக்கு என் அன்பு.
தங்கை லுடி


மணிலா
பிப்ரவரி 25, 1988

லுடி,

நாங்கள் எல்லோரும் நலம். நீதான் நலமில்லை என்று உன் கடிதமே கத்துகிறதே.

ஏண்டி, ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் நீ. முகம் கோணினால் டாக்டரிடம் போக வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? மாங் இஸ்தியோ சுளுக்கெடுப்பதில் சூரர்தான். என் கணுக்காலையே சரி செய்திருக்கிறார். ஆனால் கணுக்கால் வேறு, முகம் வேறு.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். படாங்காஸ் நகரத்துக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன். அம்மா மறித்தால் அவளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போவேன். அதுவரை அந்தக் கண்ணில் தூசி விழாமல் பார்த்துக்கொள், இரவில் ஒரு சுத்தமான துணியைக் கட்டிக்கொண்டு படு.

டென்சியோவிடம் சொல்லிவிடு. சோற்றில் மறைத்த முழுப் பூசணிக்காய் எத்தனை நாள் மறைந்திருக்கும்?

உன் ஆத்தே


லெமெரி
மார்ச் 20, 1988

அன்புள்ள டென்சியோ,

உன் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி.

இங்கே வெயில் ஏறிவிட்டது. அம்மா சுகம். கோழிகள் சுகம். ஆத்தே லேனா வந்துவிட்டுப் போனாள், அவளும் அவள் வீட்டிலும் எல்லோரும் சுகம். பள்ளிக்கூடத்தில் விடுமுறை விடப்போகிறார்கள்.

போட்டோக் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போயிருக்கிறார். எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியவில்லை. லிப்ஸ்டிக்கும் தீர்ந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை வெறும் கையெழுத்துதான்.

காற்று அதிகமாக இருக்கும்போது மேல்தளத்தில் நிற்காதே.
லுடி


டர்பன் துறைமுகம்
ஏப்ரல் 17, 1988

அன்பு லுடி,

நான் நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அம்மா சுகம், ஆத்தே சுகம், கோழிகள்கூடச் சுகம். உன்னை மட்டும் பட்டியலில் சேர்க்க மறந்திருக்கிறாய்.

லெமெரியில் ஒரு போட்டோக் கடைக்காரர்தானா இருக்கிறார்? பஜார் முழுக்க லிப்ஸ்டிக் தீர்ந்துவிட்டதா? நான் சந்தேகப்படுகிறவன் இல்லை. ஆனால் கடல் நடுவில் வேலை முடிந்து படுத்தால் யோசிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கதவில் அடுத்த இடம் காலியாக இருக்கிறது. ஆர்த்தெமியோகூடக் கேலியை நிறுத்திவிட்டான். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

நான் போன தடவை ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் திட்டி எழுது. நீ திட்டினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

உன் டென்சியோ


லெமெரி
மே 2, 1988

அன்புள்ள ஆத்தே,

அத்தானின் இருமல் குறைந்ததா? இங்கே கண் சொட்டு மருந்தும் பயிற்சியுமாக நாள் ஓடுகிறது.

நீ போன பிறகு அம்மா டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டுவிட்டாள், இது பாஸ்மாதானே என்று. "இல்லம்மா. காதுக்குப் பின்னாடி எலும்புச் சந்துக்குள்ள ஓடுற நரம்பு வீங்கிப்போச்சு. இடம் சின்னது, அதனால நசுங்குது. இஸ்திரிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. முதல் ரெண்டு மூணு நாள்ல வந்திருந்தா மாத்திரை நல்லா கேட்டிருக்கும். இப்பவும் பெரும்பாலும் சரியாயிடும், ஆனா மெதுவாத்தான்" என்றார். அம்மா முகம் சுருங்கிவிட்டது. கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்று, "நீங்க இஸ்திரி போட்டா அப்பறம் கை கழுவுவீங்களா டாக்டர்?" என்றாள். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "மாட்டேன். எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க" என்றார். அன்று முதல் அம்மாவுக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிப் பயிற்சி அறையில் எனக்கு ஒரு தோழி கிடைத்திருக்கிறாள். பெயர் மாரிங், எட்டு வயது, மிந்தோரோ தீவிலிருந்து வந்தவள். வயிற்றுப்போக்கு வந்து சரியான பிறகு திடீரென்று கால் துவண்டு, பிறகு கை, பிறகு முகம். மூச்சுக்கே இயந்திரம் வைத்தார்களாம். நோயை விரட்ட வேண்டிய உடம்பின் காவல்காரர்கள் ஆள் தெரியாமல் சொந்த நரம்புகளையே அடித்துவிட்டார்கள் என்று டாக்டரம்மா அவளுக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது இரட்டைக் கம்பியைப் பிடித்து நடை பழகுகிறாள். அவளுக்கு முகம் சரியாகிவிட்டது, கால்தான் பாக்கி. எனக்குக் கால் சரி, முகம்தான் பாக்கி. "நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆளு, டீச்சர்" என்கிறாள்.

எங்களுக்குள் ஒரு பந்தயம். நான் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் அவள் ஓர் அடி வைக்க வேண்டும். என் காற்று இடது பக்கமாக ஓடிவிடுகிறது. "டீச்சர், உங்க வாயில ஓட்ட இருக்கு. சீக்கிரம் ஊதுங்க, என் கால் வலிக்குது" என்று அதட்டுகிறாள். நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன், பாதி முகத்தால்.

டென்சியோ முத்தம் கேட்டு எழுதியிருக்கிறான். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். நீ கோபப்படுவாய் என்பதால் என்ன வழி என்று எழுதவில்லை.

லுடி


லெமெரி
மே 8, 1988

அன்புள்ள டென்சியோ,

நலம், நலமறிய ஆவல். பட்டியலில் என்னையும் சேர்த்துவிட்டேன், பார்த்துக்கொள்.

நீ ஒன்றும் தவறாக எழுதவில்லை. விடுமுறையில் வேலை அதிகம், அவ்வளவுதான். கவுன் முக்கால்வாசி முடிந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன் போட்டுப் பார்த்தால் கல்யாணமே நடக்காது என்று அம்மா அதைப் பெட்டியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள்.

புது லிப்ஸ்டிக் வாங்கினேன். கீழே பார்.

உன் லுடி


சான்டோஸ் துறைமுகம்
ஜூன் 7, 1988

அன்பு லுடி,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் முதல் ஆசை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முத்தத்தைப் பழைய வரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பாதி அளவுகூட இல்லை. இது ஏதோ சின்னக் குழந்தையின் உதடு. "துணியோட சேத்து ஊறவெச்சிட்டாங்களோ, சுருங்கிப்போச்சே" என்றான் ஆர்த்தெமியோ. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யாரோ ஒரு குழந்தையின் உதட்டை எனக்கு அனுப்புகிறாய் என்றால், உன் உதட்டை எனக்குத் தர உனக்கு மனமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படியென்றால் சொல்லிவிடு. மோதிரத்தை உன் அம்மாவிடம் கொடுத்து வை, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். வாசலில் நின்று சண்டை போட மாட்டேன். ஆனால் வருத்தமில்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். எனக்கு ரொம்ப வருத்தம்.

இந்த வாரம் எல்லாச் சாப்பாட்டிலும் உப்பை இரண்டு தடவை போட்டுவிடுகிறேன். கேப்டன்கூடத் திட்டாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்.

உன் அம்மாவை விசாரித்ததாகச் சொல்.
டென்சியோ


லெமெரி
ஜூலை 1, 1988

என் டென்சியோ,

கடிதம் கையில் இருக்கும்போதே எழுதுகிறேன். நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை, மன்னித்துக்கொள்.

மோதிரம் என் விரலில்தான் இருக்கிறது. நான் உயிரோடு இருக்கும்வரை அதைக் கழற்ற மாட்டேன், நீயாகக் கேட்டால் ஒழிய.

இந்தக் கடிதத்தின் கீழே இருப்பது என் உதடு. பாதிதான் விழும். மறு பாதி பிப்ரவரியிலிருந்து தூங்குகிறது. முகத்து நரம்பு வீங்கி, இடது பக்கம் முழுவதும் அசையாமல் போய்விட்டது. வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. கண் சரியாக மூடாது. அதனால்தான் போட்டோ இல்லை. போன கடிதத்து முத்தம் மாரிங் என்ற எட்டு வயதுப் பெண்ணுடையது. என்னோடு பயிற்சிக்கு வருகிறவள். நான் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தால் அவள் ஓர் அடி நடக்க வேண்டும் என்று எங்களுக்குள் பந்தயம். "உங்க மாப்பிள்ளை முட்டாளா இருந்தாத்தான் நம்புவாரு" என்று அவளே எச்சரித்தாள்.

உனக்குப் பாஸ்மா புத்தி சொன்ன நான் இப்படி ஆகிவிட்டேன். இப்போது புருவம் கொஞ்சம் தூக்க வருகிறது. இருந்தாலும் நவம்பருக்குள் முழுவதும் சரியாகும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. கல்யாணத்தை உன் அடுத்த விடுமுறைக்குத் தள்ளிவைக்கலாமா? கோணல் முகத்தோடு உன் பக்கத்தில் நின்று உன்னைத் தலைகுனிய வைக்க எனக்கு மனமில்லை. பயமாகவும் இருக்கிறது.

உன் லுடி


லிஸ்பன்
ஜூலை 30, 1988

என் லுடி,

நலமா என்று கேட்க மாட்டேன். எவ்வளவு நலம் என்று கேட்கிறேன். அடுத்த கடிதத்தில் புருவம், கண், வாய் என்று தனித்தனியாக எழுது.

மோதிரத்தைக் கேட்க மாட்டேன். கல்யாணத்தைத் தள்ளிவைக்கவும் மாட்டேன். நவம்பர் பத்தொன்பது என்றால் பத்தொன்பதுதான். எனக்கு நீ வேண்டும். சிரித்த முகமோ கோணிய முகமோ, அது உன்னுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இத்தனை மாதம் தனியாக அழுதிருக்கிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. அதற்குத் தண்டனை உண்டு. நான் வந்ததும் ஒரு வாரம் நீதான் சமைக்க வேண்டும், எனக்கு விடுமுறை.

பாதி முத்தத்தைக் கதவில் முதல் வரிசைக்கும் மேலே ஒட்டியிருக்கிறேன். காகிதத்தில் மீதிப் பாதி காலியாக இருந்தது. அந்த இடத்தில் என் உதட்டை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. ஆர்த்தெமியோ அந்த நேரம் பார்த்துத்தானா உள்ளே வர வேண்டும்? கப்பல் முழுக்கச் சொல்லிவிட்டான்.

உப்பு சரியாகிவிட்டது. மாரிங்கிடம் சொல், டீச்சருடைய மாப்பிள்ளை முட்டாள் இல்லை, ஆனால் கிட்டத்தட்ட நம்பிவிட்டான் என்று.

நீ ஊதி அணைக்க ஒரு பெட்டி மெழுகுவர்த்தி வாங்கியிருக்கிறேன்.
உன் டென்சியோ


லெமெரி
டிசம்பர் 4, 1988

என் செல்லத் தோழி மாரிங்குக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஒற்றைக் குச்சியோடு பள்ளிக்கூடம் வரை நடந்துபோனாய் என்று படித்ததும் எங்கள் வீட்டில் ஒரு கோழி உயிரை விட்டது. அன்று எங்களுக்கு விருந்து. அம்மா சுகம். மிச்சமுள்ள கோழிகள் சுகம். உன் அம்மாவும் அப்பாவின் படகும் நலந்தானே?

கல்யாணத்துக்கு வர முடியவில்லையே என்று நீ அழ வேண்டாம். நடந்ததை எல்லாம் சொல்கிறேன்.

உனக்குத் தெரியும், உதடு மறுபடி அசைய ஆரம்பித்ததும் எனக்கு ஒரு புதுத் தொல்லை வந்தது. நரம்பு திரும்ப வளரும்போது வழி மாறிவிட்டது, வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்கும் போய்விட்டது என்றார் டாக்டரம்மா. வாய் சிரித்தால் இடது கண் தானாக மூடிக்கொள்கிறது. பார்க்கிறவர்களுக்கு நான் கண்ணடிக்கிற மாதிரி இருக்கும். தபால்காரர் இரண்டு வாரம் என்னை நேராகப் பார்க்கவே இல்லை.

டென்சியோவை அழைத்துவர மணிலா விமான நிலையத்துக்குப் போனோம். சிரிக்கவே கூடாது என்று பஸ்ஸில் வழி நெடுகப் பழகிக்கொண்டு போனேன். அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், என்னைப் பார்த்தார், "என்ன டீச்சர், பட்டியல்ல எல்லாரும் சுகமா?" என்றார். அதற்குமேல் அடக்க முடியவில்லை, சிரித்துவிட்டேன். கண் மூடிக்கொண்டது. அவர் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு பதிலுக்கு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அன்றிலிருந்து இதே வேலைதான். நான் எத்தனை தடவை சிரித்தாலும் ஒரு தடவைகூட விடாமல் பதிலுக்குக் கண்ணடிக்கிறார். கோயிலில் பாதிரியார் என்னிடம் சம்மதம் கேட்டார். நான் சிரித்தேன், கண் மூடியது. "லுடிவினா, கண்ணடிக்க வாழ்நாள் பூரா கெடக்கு. மொதல்ல கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார். கோயில் முழுக்கச் சிரிப்பு. அதில் நான் இன்னும் சிரிக்க, கண் இன்னும் இறுக மூட, டென்சியோவும் பாதிரியார் முன்னாலேயே கண்ணடித்தார். பின் வரிசையில் இருந்த அவருடைய அத்தை, "அடப் பாவமே, மாப்பிள்ளைக்கும் தொத்திக்கிச்சா?" என்று கேட்டாளாம்.

கவுனை அம்மாவேதான் இஸ்திரி போட்டாள். என்னைக் கிட்டவே விடவில்லை. டாக்டரம்மா சொன்னதெல்லாம் அவளுக்கு மனப்பாடம், இருந்தாலும் அன்று இரவுவரை கை கழுவவில்லை. டாக்டரம்மாவும் விருந்துக்கு வந்திருந்தார். அம்மாவின் கழுவாத கையைப் பார்த்துவிட்டுத் தட்டை நீட்டினார்.

கீழே இரண்டு உதடுகள் இருக்கின்றன. பெரியது டென்சியோவுடையது. உனக்கு ஒன்று கடன்பட்டிருப்பதாகச் சொல்லி என் லிப்ஸ்டிக்கைப் பூசிக்கொண்டு அவரே ஒத்தினார். மற்றது என்னுடையது. இடது ஓரம் கொஞ்சம் வெளுப்பாக விழுந்திருக்கும். லிப்ஸ்டிக் குறைவு என்று நினைக்காதே, அந்த ஓரம் அவ்வளவுதான் அழுந்தும். ஆனால் முழு உதடு, நீயே விரல் வைத்துப் பார்.

குச்சியை விட்டதும் எழுது. நம் பந்தயம் இன்னும் முடியவில்லை. நேற்று டென்சியோவின் பெட்டியிலிருந்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி ஒரே மூச்சில் அணைத்தேன். ஆகவே நீ எனக்கு ஓர் அடி பாக்கி.

எல்லாரையும் எழுதிவிட்டேன், ஒருத்தி மிச்சம். நான் சுகம், மாரிங். ரொம்பச் சுகம்.

உன் டீச்சர்
லுடி